படுக்கையில் 525 நிமிடம், தூக்கம் 315 நிமிடம்: பாய் விரிக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது?

பாலாறு_ஓரம் (கேள்வி)

வணக்கம். சிபிடி-ஐ (தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல், பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சை) முறையில் படுக்கை நேரத்தைச் சுருக்கும் பகுதியைத் தொடங்கப் போகிறேன். 14 நாள் தூக்கக் குறிப்பு எழுதி முடித்தாயிற்று. சராசரி இது:

இரவு 9.45-க்குப் படுப்பது, காலை 6.30-க்குப் பாயைச் சுருட்டுவது. தூக்கம் பிடிக்க 90 நிமிடம். 2.30 வாக்கில் விழிப்பு வந்தால் மறுபடி கண்மூட 75 நிமிடம். விடியற்காலை 5.45-க்கு விழித்துவிட்டுச் சும்மா புரள்வது 45 நிமிடம். ஆக 525 நிமிடத்தில் தூங்கியது 315, அதாவது 60 சதவீதம்.

எந்த நேரத்துக்குப் படுத்து எந்த நேரத்துக்கு எழ வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அடுத்த சந்தேகம், "20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ" என்கிறார்களே, கொசப்பேட்டையில் ஒரு ஹால், ஒரு சமையலறை உள்ள வீட்டில் மாமியாரும் பிள்ளையும் பக்கத்திலேயே படுத்திருக்க எந்த அறைக்குப் போவது? சாயங்காலம் 7 மணிக்கே "இன்னிக்கும் வராதோ" என்ற பயம் பிடித்துக்கொள்கிறது, அதற்கும் வழி வேண்டும். பக்கத்து வீட்டில் கொடுத்த அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை) 0.25 மி.கி.-இல் பாதி, இந்த 14 நாளில் நான்கு இரவு எடுத்தது. ஜாதிக்காய்ப் பால் தினமும். இவற்றை என்ன செய்வது?

முள்ளுக்கத்திரி

குறிப்பை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இரவில் கடிகாரம் பார்த்துப் பார்த்து எழுதினீர்களா, காலையில் உத்தேசமாக எழுதினீர்களா? முதலாவது என்றால் இனி வேண்டாம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், போனைச் சமையலறையில் வையுங்கள். உத்தேசக் கணக்கே போதும். மாத்திரை போட்ட நான்கு இரவுக்கும் ஒரு குறி போட்டுவிட்டு, மீதிப் பத்து நாளுக்குத் தனியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் அந்தப் பத்து நாள் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

315 என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். தூங்கும் நேரத்தோடு 30 நிமிடம் சேர்த்தால் 345. அதாவது 5 மணி 45 நிமிடம். படுக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள், எழும் நேரத்தில் ஆணி அடியுங்கள். உங்கள் குறிப்பில் கண் தானாகத் திறப்பது 5.45. அதையே வையுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் பாய் விரிக்கும் நேரம் இரவு 12.00. ஞாயிற்றுக்கிழமையும் 5.45 தான். இரவு பூராவும் தூங்காமல் போனாலும் 5.45 தான்.

ஏன் இப்படி என்றால், தூக்கத்துக்கும் பசி உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் அந்தப் பசி. 9.45-க்கே படுப்பவர் பசிக்காத வயிற்றில் சோற்றைத் திணிக்கிறார். கூடவே 210 நிமிடம் விழித்தபடி கிடப்பதால், பாய், தலையணை, ஃபேன் சத்தம் எல்லாவற்றுக்கும் மூளை "இது முழித்துக்கொண்டு கவலைப்படும் இடம்" என்று அர்த்தம் எழுதி வைத்துவிடுகிறது. டிவி முன்னால் கண் சொக்கி, பாயில் போய் விழுந்ததும் பளிச்சென்று விழிப்பு வருகிறதே, அது இதனால்தான்.

இனி வாராவாரம் கணக்கு. தூங்கிய நிமிடத்தை, படுக்கையில் இருந்த நிமிடத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 90-க்கு மேல் வந்தால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம், 11.45. 85-லிருந்து 90-க்குள் என்றால் அப்படியே ஓட்டுங்கள். 85-க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறையுங்கள், ஆனால் 330 நிமிடத்துக்குக் கீழே போகவே கூடாது. சுயமாகச் செய்கிறவர்களுக்கு இந்தக் கீழ் எல்லை முக்கியம்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: முதல் வாரம் 300 நிமிடம்தான் தூங்கினேன், முன்பைவிட 15 நிமிடம் குறைந்துவிட்டது, இந்த முறை வேலைக்காகாது என்று விட்டுவிடுவார்கள். 345-இல் 300 என்றால் 87 சதவீதம். அறுபதிலிருந்து எண்பத்தேழு. துண்டு துண்டாகக் கிடந்த தூக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நீளம் அப்புறம் வரும், கால் கால் மணி நேரமாக.

முதல் வாரத்தில், குறிப்பாக மூன்றாம் நாளுக்குப் பிறகு, பகல் மயக்கம் கடுமையாக இருக்கும். அந்த நாட்களில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் பக்கம் போக வேண்டாம், பஸ்ஸில் போங்கள். வலிப்பு நோய், பைபோலார் (இருமுனை மனநோய்), தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களும், லாரி ஓட்டுபவர்களும், உயரத்தில் சாரம் கட்டி வேலை செய்பவர்களும் மருத்துவர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. தூக்கம் குறைந்தால் வலிப்பு வரலாம், பைபோலாரில் மனம் எகிறிவிடலாம்.

1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் குழு எழுதிய முறை இது. 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் சிபிடி-ஐ என்று பரிந்துரைத்தது. "நேரத்தோடு படு" என்று வீட்டில் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள்.

கோட்டை_அகழி

ஹால் பிரச்சினைக்கு வர்றேன்க்கா. எழுந்து போகிற விதியை 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தபோது தனித்தனி படுக்கையறை உள்ள வீடுதான் அவர் கண்முன்னால் இருந்திருக்கும். நம்ம வீட்டுக்கு அதைத் தைத்துக்கொள்ள வேண்டும். விதியின் உயிர், படுத்த நிலையில் விழித்துக் கிடக்காதே என்பது. வேறு அறை என்பது அதற்கு ஒரு வசதி, அவ்வளவுதான்.

ஆகவே: 12 மணி வரை பாயே விரிக்காதீர்கள், மூலையில் சுருட்டியே இருக்கட்டும். கட்டில் வீட்டைவிடப் பாய் வீட்டுக்கு இதில் லாபம். பகலில் படுக்கை என்று ஒரு பொருளே கண்ணில் படாது. நடுராத்திரி விழித்து, எரிச்சல் ஏற ஆரம்பித்தால் (20 நிமிடம் என்று கடிகாரம் பார்க்காதீர்கள், எரிச்சல்தான் அலாரம்) எழுந்து பாயை இரண்டாக மடியுங்கள். மடிப்பது முக்கியம். பிறகு சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். ஜீரோ வாட் பல்பு போதும். செய்வதற்கு ஒரு வேலையை மாலையிலேயே எடுத்து வையுங்கள்: பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, பழைய வாரப்பத்திரிகை. போன் வேண்டாம், கணக்கு நோட்டு வேண்டாம். தலை தொங்கி, ஒரே வரியை மூன்று தடவை படிக்கும் நிலை வந்தால் பாயை விரித்துப் படுங்கள். அப்போதும் வரவில்லையா, திரும்ப எழுந்திருங்கள். முதல் சில இரவுகளில் மூன்று நான்கு தடவைகூட ஆகும்.

சோர்வும் தூக்கமும் வேறு வேறு. உடம்பு அசதி, கண் எரிச்சல், தலைபாரம் எல்லாம் சோர்வு. இமை தானாக மூடுவது, கழுத்து தளர்வது தூக்கம். இரண்டாவது வந்தால்தான் பாய்.

7 மணிப் பயத்துக்கு இரண்டு வேலை. 6.30-லிருந்து 6.45 வரை, விளக்கேற்றும் நேரம் ஒட்டியே, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் மனசை அரிக்கும் விஷயம், வலது பக்கம் நாளைக்கு அதில் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன அடி. "பையன் ஃபீஸ்" என்றால் "10 மணிக்குப் பள்ளிக்கு போன்". வலது பக்கம் எழுத ஒன்றுமில்லை என்றால் "இப்போது செய்ய ஒன்றுமில்லை" என்றே எழுதுங்கள். 6.45-க்கு மூடி பீரோவில் வையுங்கள். ராத்திரி அதே கவலை வந்தால் நோட்டில் இருக்கிறது என்று ஒதுக்க இடம் கிடைக்கும்.

இரண்டாவது, ஜோசியம் பார்க்கும் மனசுக்குப் பரீட்சை வையுங்கள். "தூங்கலைன்னா நாளைக்கு வேலையில் தப்பு விடுவேன், தலை சுத்தும்" என்று ராத்திரி மனம் சொல்வதை மறுநாள் காலை வரிவரியாக எழுதி, மாலை 5 மணிக்கு நடந்ததா என்று டிக் போடுங்கள். இரண்டு வாரம் போட்டால் மனசு சொன்னதில் எவ்வளவு பலித்தது என்று எண்ணிக்கையாகத் தெரியும். சில நாள் பலிக்கவும் செய்யும், அதையும் நேர்மையாகப் போடுங்கள். எல்லாருக்கும் எட்டு மணி நேரம் என்ற கணக்கு கல்வெட்டு இல்லை, ஆளுக்கு ஆள் மாறும்.

படுத்ததும் "தூங்கணும், தூங்கணும்" என்று முயற்சி செய்கிறவர்களுக்கு ஒரு தலைகீழ் வித்தை உண்டு. இருட்டில் சுகமாகப் படுத்து, கண்ணைத் திறந்து வைத்து, "இன்னும் கொஞ்ச நேரம் முழித்திருக்கிறேன்" என்று சும்மா இருப்பது. விளக்கு, போன் எதுவும் இல்லாமல், எரிச்சல் ஏறாத வரை மட்டும். முயற்சியை எடுத்துவிட்டால் பயத்துக்குத் தீனி குறையும். மூச்சுப் பயிற்சி (4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது) நல்லதுதான், ஆனால் அதைப் பாயில் செய்யாதீர்கள். பாயில் செய்தால் "வேலை செய்யுதா?" என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் 5 மணிக்குப் பத்து நிமிடம் செய்யுங்கள்.

கையில் தூக்கம் அளக்கும் வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்தே தூக்கம் கெடுவதற்கு 2017-இல் ஆர்த்தோசோம்னியா என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மொட்டைமாடி_ஆள்

எல்லாம் சரி, இது வேலூர் என்பதை யாரும் சொல்லலையே! கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டின பகல், சுத்தி மலையும் பாறையும். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கணும். பகல் பூரா வெயில் குடிச்ச காங்கிரீட் தளம் ராத்திரியில் அதை வீட்டுக்குள்ள கக்கிக்கிட்டு இருக்கும்போது எங்க இறங்கும்? ஒரு வகையில் 12 மணிக்குப் படுக்கறது நமக்கு வசதி, தளம் அதுக்குள்ள கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

செய்ய வேண்டியது: மாடித் தளத்துக்கு சுண்ணாம்பு அடிங்க, இரண்டு கோட்டு, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை கலந்து. மழைக்கப்புறம் கரைஞ்சுடும், வருஷா வருஷம் பங்குனியில் அடிக்கணும். பொழுது சாய்ஞ்சதும் தளத்துல நாலஞ்சு குடம் தண்ணி தெளிச்சா ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். குடிக்கிற தண்ணியை ஊத்தாதீங்க, துணி அலசின தண்ணி போதும். வெளிக்காத்து உள்காத்தைவிடக் குளிர்ந்த பிறகுதான் ஜன்னல் திறக்கணும், பகல் 11 மணிக்குத் திறந்து வெச்சா அனலை உள்ளே கூப்பிடற மாதிரி. ராத்திரி ஒரு ஜன்னல் ஓரமா டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வெச்சு, எதிர் ஜன்னலைத் திறந்து விடுங்க. மேல இருக்கிற சூட்டுக் காத்தையே சீலிங் ஃபேன் சுத்தி அடிக்கும், டேபிள் ஃபேன் அதை வெளியே தள்ளும்.

10.30-க்கு வெதுவெதுப்பான தண்ணியில் குளிங்க. பச்சைத்தண்ணி ஜில்லுன்னு இருந்தா தோல் ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு உள்ளேயே நிக்கும். வெதுவெதுப்பா இருந்தா குழாய் விரிஞ்சு சூடு வெளியேறும். படுக்கறதுக்கு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி குளிக்கறது கணக்கு.

மாடியில் படுக்கறவங்களுக்கு 5.45 எழும் நேரம் கச்சிதம், கோடையில் அதுக்குள்ள வெளிச்சம் வந்துடும். எழுந்த உடனே அரை மணி நேரம் அந்த வெளிச்சத்துலயே நில்லுங்க, கோலம் போடுங்க, தண்ணி பிடிங்க. உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கறது அந்த வெளிச்சம்தான்.

கோடையில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், குடியாத்தம் பக்கம் வைகாசி ஒண்ணுன்னா கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த ராத்திரிகளைக் குறிப்பில் "திருவிழா"ன்னு எழுதிட்டு வாரக் கணக்கிலிருந்து எடுத்துடுங்க.

மருந்துச்சீட்டு

மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் அம்மா.

அல்பிரசோலம், சோல்பிடெம் (தூக்க மாத்திரை) இரண்டும் 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் இருப்பவை. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பட்டையிலிருந்து பிய்த்துக் கொடுப்பது பதிவேட்டில் வராது, ஆபத்து மட்டும் வரும். விட்டு விட்டு நான்கு இரவு அரை மாத்திரை என்பது பொதுவாக உடம்பு பழகிப்போகும் அளவு இல்லை, அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்திய ஓரிரு இரவு தூக்கம் முன்னைவிட மோசமாகலாம், அது மருந்தின் எதிரடி. "பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல" என்று அதைத் தப்பாகப் படித்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரை போகும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

சளி, அரிப்பு மாத்திரையைத் தூக்கத்துக்கு வாங்குவது இன்னொரு பழக்கம். மறுநாள் மந்தம், வயதானவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு. மாமியாருக்குப் பகிர்ந்து கொடுத்துவிடாதீர்கள்.

ஜாதிக்காய்ப் பால்: ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். "நல்லா வரட்டும்" என்று ஒரு முழுக் காயை உரசிப் போட்டால் படபடப்பு, வாய் வறட்சி, வாந்தி, மனப்பிரமை வரை வரும். படபடப்பைப் பார்த்துப் பயம் ஏறினால் தூக்கம் எங்கே வரும்? பாலை 10 மணிக்குள் குடித்து முடியுங்கள்.

நீங்கள் எழுதாதது டீ. கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். பகல் 2 மணிக்கு மேல் டீ, காபி இல்லை என்று வையுங்கள். முதல் வாரப் பகல் மயக்கத்தில் நான்கு மணி டீக்கு நாக்கு ஊறும், அங்கேதான் கோட்டை விடுவார்கள். வீட்டு ஆண்கள் யாராவது "கொஞ்சம் சரக்கு போட்டா வரும்" என்றால்: முன்னிரவு வரும், பின்னிரவு உடையும்.

தொடங்கும் முன் இதைப் பாருங்கள். பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி இருந்தால் முதலில் மூச்சடைப்புப் பரிசோதனை. சாயங்காலம் ஆனால் கால்களைக் குடைந்து, அசைத்தால்தான் நிம்மதி என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள், இரும்புக் குறைவில் இது சகஜம். ராத்திரி மூன்று தடவை ஒண்ணுக்குப் போகிறவர்கள் சர்க்கரை பார்க்க வேண்டும். நீர் பிரியும் பிபி மாத்திரையை இரவில் போடுகிறவர்கள் நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்க வேண்டும். தைராய்டும் ஒரு தடவை.

விடியற்காலை விழிப்போடு எதிலும் பிடிப்பில்லாமை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் அப்புறம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்திலோ காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு.

சிப்காட்_சி_ஷிஃப்ட்

ராணிப்பேட்டையில் வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்கும் இதே 5.45 தானா?

முள்ளுக்கத்திரி

இல்லை. சுழலும் ஷிஃப்டில் எழும் நேரத்துக்கு ஆணி அடிக்க முடியாது, இந்த முறை அப்படியே பொருந்தாது. தனித் திரி தொடங்குங்கள். அதுவரை, நைட் முடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி (பைக் ஓட்டும்போது கண் சொக்கினால் மட்டும் வேண்டாம்), அறைக்குக் கெட்டித் திரை, ஷிஃப்டுக்கு முன் ஒரு மணி நேரக் குட்டித் தூக்கம்.

பாலாறு_ஓரம்

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை போடாத பத்து நாளின் சராசரி 310, அதனால் 12 மணியே வைத்துக்கொள்கிறேன். ஒரு சிக்கல்: வீட்டில் 9.30-க்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் உட்கார்ந்தால் 10.30-க்கே கண் சொக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படித் தள்ளுவது? மதியம் பத்து நிமிடம் கண் அசரலாமா?

கோட்டை_அகழி

உட்காராதீங்க, அதுதான் பதில். 10-லிருந்து 11.30 வரை நின்று செய்கிற வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்: பாத்திரம், துணி மடிப்பு, மறுநாள் காய் நறுக்குவது, மாவைப் பாத்திரம் மாற்றி வைப்பது. நடுவில் 10.30-க்குக் குளியல். கிரைண்டர் ஓட்டி மாமியாரை எழுப்பிவிடாதீர்கள். கடைசி அரை மணி மட்டும் உட்காரலாம், முதுகு சாயாமல், ஸ்டூலில். ராத்திரி பத்து மணிக்குப் போடும் 15 நிமிடக் குட்டித் தூக்கம், சாப்பாட்டுக்கு முன்னால் தின்ற பஜ்ஜி மாதிரி, அன்றைய தூக்கப்பசியில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

மதியம் கூடாது. வண்டி ஓட்டியே ஆக வேண்டிய நாளில் பாதுகாப்புக்காக மட்டும், 2 மணிக்கு முன், அலாரம் வைத்து 15 நிமிடம். அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

மொட்டைமாடி_ஆள்

முகூர்த்தம் 4.30-க்குன்னு வந்து நிக்குமே, அதையும் கேட்டுக்குங்க. அன்னைக்கு 3.30-க்கு எழுந்தா எழுந்ததுதான். பந்தி முடிஞ்சு மண்டபத்துலயே சேரை இழுத்துப் போட்டுத் தூங்கிடாதீங்க. அன்னைக்கு ராத்திரியும் 12 மணிக்குத்தான் பாய், மறுநாள் 5.45.